எம்லென் டன்னெல்: ஆட்டக்காரர், தேர்வாளர், பயிற்சியாளர்

எம்லென் டன்னெல் ஓஹியோ மாநிலம் கான்டனில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர். தடுப்பாட்டத்துக்காக மட்டுமே அங்கே சேர்க்கப்பட்ட முதல் ஆளும் அவர்தான். இரண்டு பெருமையும் 1967இல் வந்தன. அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகில் 1948 முதல் 1958 வரை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கும், அடுத்த மூன்று ஆண்டுகள் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கும் ஆடினார். பிறகு ஜயன்ட்ஸுக்கே திரும்பி, இளம் ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் தேர்வாளராகவும் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். இந்தக் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளை ஓரிரு வரியில் முடித்துவிடுவதே வழக்கம். களத்தில் அவரை உயர்த்திய அறிவுதான் பிறகு அவரைத் தேர்வாளராகவும் ஆசானாகவும் ஆக்கியது. அந்த அறிவுக்கு உரிய பதவியை மட்டும் லீக் தரவில்லை.

பென்சில்வேனியாவின் பிரின் மார் பகுதியைச் சேர்ந்த டன்னெலுக்கு டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஆடும்போது கழுத்து எலும்பு முறிந்தது. அதைக் காட்டி ராணுவமும் கடற்படையும் அவரைத் திருப்பி அனுப்பின. கடலோரக் காவல்படை சேர்த்துக்கொண்டது. 1944இல் பப்புவா நியூ கினிக் கரையோரம் கப்பல் தாக்கப்பட்டபோது, உடலில் தீப்பற்றிய சக மாலுமியின் மீதிருந்த நெருப்பை வெறுங்கையால் அணைத்துக் காப்பாற்றினார். அந்தச் செயலுக்கான பதக்கம் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2011இல்தான் வந்தது. போருக்குப் பின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடினார். 1934 முதல் 1945 வரை தேசிய லீகில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. 1946இல்தான் கதவு சற்றே திறந்தது. 1948இல் எந்த அணியும் டன்னெலைத் தேர்ந்தெடுக்கவில்லை. வழியில் வந்த வாழைப்பழ லாரியில் இடம் கேட்டு ஏறி நியூயார்க் போய்ச் சேர்ந்து, ஜயன்ட்ஸ் அலுவலகத்தில் நேரே நுழைந்து வாய்ப்புக் கேட்டார். அந்த அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனது அப்படித்தான்.

1950இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் எறிபந்து ஆட்டத்தை முறியடிக்கப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன் 'குடை' எனப்பட்ட தடுப்பு வியூகத்தை வகுத்தார். முன்வரிசையின் இரு ஓரத்திலும் நிற்பவர்கள் தேவைப்பட்டால் பின்வாங்க, பின்னால் நால்வர் விரித்த குடைபோல் வளைந்து நிற்பார்கள். அந்த நால்வரில் டன்னெல் ஒருவர், டாம் லாண்ட்ரி இன்னொருவர். ஜயன்ட்ஸ் 6-0 என வென்றது. 1952இல், எதிரணி உதைத்த பந்தைத் திருப்பி ஓடியும் எறிபந்தை இடைமறித்தும் டன்னெல் கடந்த தூரம் 900 கெஜத்துக்கு மேல். அந்த ஆண்டு பந்தைச் சுமந்து ஓடுவதில் முதலிடம் பெற்ற டான் டவ்லர் 894 கெஜமே ஓடினார். தடுக்க நிறுத்தப்பட்டவர் தாக்க நிறுத்தப்பட்டவரை மிஞ்சினார் என்பது சாதாரண விஷயம் அல்ல. ஓய்வு பெறும்போது அவர் இடைமறித்துப் பிடித்தவை 79; அந்தச் சாதனை 1979 வரை நின்றது.

டன்னெல் உள்ளுணர்வால் ஆடியவர், அப்படிப்பட்டவரால் பிறருக்குக் கற்றுத்தர முடியாது என்று சிலர் வாதிடக்கூடும். அதற்குக் கிரீன் பேயில் விடை இருக்கிறது. 1959இல் அந்த அணியைப் பொறுப்பேற்ற வின்ஸ் லொம்பார்டி, ஜயன்ட்ஸில் தன்னுடன் இருந்த டன்னெலை, ஓட்டம் தளர்ந்த வயதிலும், கூடவே அழைத்துக்கொண்டார். 1960இல் யாரும் தேர்ந்தெடுக்காமல் தானாக வந்து சேர்ந்த வில்லி வுட் டன்னெலின் கைப்பிடியில் வளர்ந்தார். அவரும் பின்னாளில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். எறிபவர் எங்கே பார்க்கிறார், பந்து எங்கே வரும் என்று 14 ஆண்டுகள் கணித்தவரிடம் இருந்தது வெறும் உள்ளுணர்வு என்றால், அனுபவ அறிவு என்று எதைச் சொல்வது?

பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் தலைமைப் பயிற்சியாளர் ஆவதில்லையே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. தனி ஒருவரைப் பொறுத்தவரை அதை மறுக்க முடியாது. லாண்ட்ரியின் திறமையிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லாண்ட்ரி 1954இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, பயிற்சிப் பொறுப்பையும் பெற்றார். 1960இல் டல்லஸ் அணியின் தலைமை அவர் கைக்கு வந்தது. அவரோடு ஒரே வியூகத்தில் நின்ற டன்னெலுக்கு 1962இல் தேர்வாளர் வேலையும் 1965இல் துணைப் பயிற்சியாளர் பதவியுமே கிடைத்தன. முழுநேரத் துணைப் பயிற்சியாளரான முதல் சில கறுப்பினத்தவரில் அவர் ஒருவர் என்பதே அன்றைய நிலையைக் காட்டிவிடும். 1920களில் ஃபிரிட்ஸ் பாலர்டு தலைமைப் பயிற்சியாளராக இருந்ததற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேசிய லீகில் அந்தப் பதவிக்கு ஒரு கறுப்பினத்தவர்கூட வரவில்லை. இத்தனை காலமும் தகுதியானவர் ஒருவரும் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

1975 ஜூலையில் பிளெசன்ட்வில் ஊரில் ஜயன்ட்ஸின் பயிற்சி முகாமில் இருந்தபோது மாரடைப்பால் டன்னெல் இறந்தார். அதே ஆண்டு வில்லி வுட், உலகக் கால்பந்து லீக் என்ற போட்டி அமைப்பில் பிலடெல்பியா பெல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். தேசிய லீகில் பாலர்டுக்கு அடுத்து அந்த இடத்துக்கு வந்த கறுப்பினத்தவர் ஆர்ட் ஷெல். அவர் நியமிக்கப்பட்டது 1989இல்.