சுற்றறிக்கையும் வாக்குமூலமும்: மொழிச் சிறுபான்மையினர் உரிமையும் நாடு கடந்த நீதியும்

ஓர் அரசு தன் சிறுபான்மையினரை நடத்தும் முறையை அவ்வரசுக்கு வெளியேயுள்ள மன்றம் ஒன்று ஆராயலாம் என்னும் கருத்து முதல் உலகப் போரை அடுத்தே சட்ட வடிவம் பெற்றது. 1919 முதல் கையெழுத்தான சிறுபான்மையினர் ஒப்பந்தங்கள் நாட்டுக் கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டன. அவற்றின் தொடர்பில் எழுந்த கருத்துரைகளுள் 1935ஆம் ஆண்டு அல்பேனியப் பள்ளிகள் பற்றியது தனித்து நோக்கத்தக்கது. அல்பேனியா தனியார் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. விதி எல்லாருக்கும் ஒன்றே எனவும் வாதிட்டது. நிலையான அனைத்துலக நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. பள்ளியை இழந்த கிரேக்க மொழியினருக்கு அவ்விதி ஒன்றாக அமையவில்லை என்பதே அதன் கருத்தின் சாரம்.

இதே வினா இலங்கையில் ஒரு சுற்றறிக்கையின் வழியாக எழுந்தது. 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கோ சமயத்தாருக்கோ மட்டும் தடையோ சலுகையோ விதிக்கும் சட்டம் செல்லாது என்றது. 'மொழி' என்னும் சொல் அப்பிரிவில் இல்லை. 'சமூகம்' என்பதற்குள் மொழி அடங்குமா என்னும் பொருண்மையியல் சிக்கல் அன்றே விதைக்கப்பட்டது எனலாம். அச்சொல்லைத் தமிழில் 'இனம்' எனப் பெயர்த்தால் பிறப்பு முன்னிற்கிறது. 'சமூகம்' எனப் பெயர்த்தால் மொழிக்கு இடம் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் தெரிவே வழக்கின் பாதியைத் தீர்த்துவிடும்.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. தொடர்ந்து அரசு ஊழியர் சிங்களத் தேர்ச்சித் தேர்வு எழுத வேண்டுமெனத் திறைசேரிச் சுற்றறிக்கை 1961இல் வந்தது. தேர்வுக்குச் செல்ல மறுத்த எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம் 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் 1964இல், ஆட்சிமொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றமோ 1967இல் மொழிச் சிக்கலைத் தொடவே இல்லை. சம்பளத்துக்காக அரசு ஊழியர் முடியரசின் மேல் வழக்கிட இயலாது எனக்கூறி அத்தீர்ப்பை மாற்றியது.

மேன்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது. பிரிவி கவுன்சில் பேரரசின் எச்சமேயன்றி இன்றைய பொருளில் நாடு கடந்த மன்றம் அன்று; சிறுபான்மையினர்க்கு அது எப்போதும் துணைநின்றதும் இல்லை. மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய கோடாக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் அது அரசின் பக்கமே நின்றது. ஆயினும் கோடீஸ்வரன் வழக்கில், அரசு ஊழியர் வழக்கிடலாம் என 1969 டிசம்பரில் முடிவு செய்து, மொழிச் சட்டம் செல்லுமா என்பதை உச்ச நீதிமன்றமே தீர்க்கட்டும் எனத் திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்பது அரசியலமைப்பிலேயே ஏறியது. வினா விடையின்றியே நின்றுபோயிற்று.

அடுத்த வாயில் ஜெனீவாவில் திறந்தது. 1966ஆம் ஆண்டுக் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் உறுப்பு, சிறுபான்மையினர் தம் மொழியைப் பயன்படுத்தும் உரிமையைக் கூறுகிறது. இலங்கை 1980இல் அதில் இணைந்தது. தனியாள் முறையீட்டுக்கு வழிவிடும் விருப்ப நெறிமுறையை 1997இல் ஏற்றது.

இவ்வழியே சென்ற சிங்கராசா வழக்கு மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 1995இல் அவருக்கு விதிக்கப்பட்ட 50 ஆண்டுச் சிறைத்தண்டனை (பின்னர் 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது) ஒரு வாக்குமூலத்தை மட்டுமே சார்ந்தது. அது சிங்களத்தில் இருந்தது, அவர் தமிழர். உடனிருந்தோர் விசாரணை அதிகாரிகள் இருவர் மட்டுமே. அவர்களுள் ஒருவரான காவலரே மொழிபெயர்த்தார், அவரே தட்டச்சும் செய்தார். அவ்வறையில் சொல்லப்பட்டதற்கும் எழுதப்பட்டதற்கும் இடையே நின்று ஒப்புநோக்க மூன்றாம் ஆள் இல்லை. இத்தகைய வாக்குமூலத்தைக் கொண்டு தண்டித்தது நேர்மையான விசாரணை ஆகாது என மனித உரிமைக் குழு 2004 ஜூலையில் முடிவு செய்தது.

ஆனால் 2006 செப்டம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், விருப்ப நெறிமுறையை ஏற்றதே அரசியலமைப்புக்கு மாறானது என்றது. நீதி வழங்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவர் வெளியாருக்குத் தர இயலாது என்பது காரணம்.

இந்தியாவின் நிலை வேறு. அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு 'மொழி' என வெளிப்படையாகவே கூறுகிறது. மகாராட்டிரத்தில் குசராத்தி மொழியினர் நடத்திய பள்ளிகள் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியதை எதிர்த்தன. சிறுபான்மையினர் உரிமைக்கு அது இடையூறாகாது என உச்ச நீதிமன்றம் 2004இல் உஷா மேத்தா வழக்கில் கூறியது. விவாதத்துக்குரிய தீர்ப்பே எனினும், வினாவுக்கு விடையேனும் கிடைத்தது. மறுபுறம், இந்தியா 1979இல் உடன்படிக்கையில் இணைந்தும் விருப்ப நெறிமுறையை ஏற்கவில்லை. புனேயில் வாழும் தமிழருக்கோ கன்னடருக்கோ தில்லியைக் கடந்து செல்ல அவ்வழி இல்லை.

இலங்கை 2007இல் உடன்படிக்கைக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 27ஆம் உறுப்பு அதில் சேர்க்கப்படவில்லை. விசாரணை நடக்கும் மொழியை அறியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு என்னும் விதி உள்ளது. அவ்விதி பேசுவது நீதிமன்ற விசாரணையைப் பற்றியே, காவல் நிலைய அறையைப் பற்றி அன்று.