கண்ணுல ஃபோகஸ் - ஒரு பழைய கதை

பறவை போர்ட்ரெயிட் எடுக்கறவங்க யாரைக் கேட்டாலும் முதல் பாடம் ஒண்ணுதான்: கண்ணு ஷார்ப்பா இருக்கணும். இறக்கை கொஞ்சம் மங்கலா இருந்தா மன்னிச்சுடலாம், கண்ணு மங்கினா படம் காலி. ரெண்டாவது பாடம், பறவையோட கண் மட்டத்துக்கு கேமராவை இறக்கணும். இதுக்குப் பின்னாடி ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கு.

இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கத்து அண்ணன் தம்பி, ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன். 1892-ல லண்டனுக்கு அருகே முட்டைகளோட ஒரு கூட்டை செர்ரி படமெடுத்தார். 1895-ல பறவைக் கூடுகள் பத்தி, முழுக்க ஃபோட்டோக்களோட புத்தகமே போட்டாங்க. ஏன் கூடு? அது நகராதுங்க! அப்போ கண்ணாடித் தகடு. ஒளியை வாங்கற வேகம் ரொம்பக் கம்மி, ஐஎஸ்ஓ-வை ஏத்தற பேச்சே இல்லை. பறவையை பெருசா எடுக்கணும்னா காலால நடந்து கிட்ட போகணும். கிட்ட போனா அது பறந்துடும். அதனால மாட்டுத்தோல்ல ஒரு பொம்மை மாடு செஞ்சு, அதோட வயித்துக்குள்ள ஆளும் கேமராவுமா ஒளிஞ்சு படமெடுத்தாங்க :-)

அடுத்து எரிக் ஹாஸ்கிங். 1937-ல வேல்ஸ்ல ஒரு ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்துல மறைவிடம் கட்டி வேலை பார்த்தார். ராத்திரி அந்த ஆந்தை முகத்துல பாய்ஞ்சுடுச்சு. இடது கண் போச்சு. மனுஷன் விட்டாரா? 1948-ல கூகை ஒண்ணு வாயில எலியோட பறந்து வர்றதை ஃபிளாஷ் போட்டு எடுத்தார். இருட்டுல ஃபிளாஷ் மின்னற நேரம்தான் படத்தோட எக்ஸ்போஷர், ஷட்டர் செய்யமுடியாததை அது செஞ்சது. 1970-ல வந்த சுயசரிதைக்கு 'ஆன் ஐ ஃபார் எ பேர்ட்'னு பேர் வெச்சார். பறவைக்கு ஒரு கண்ணு!

2021-ல வந்த சோனி ஆல்ஃபா 1 மாதிரி கேமராக்கள் பறவைக் கண்ணைத் தானே தேடிப் பிடிக்குது. உட்கார்ந்திருக்கற பறவைக்கு 1/500, எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ. தரையில இருக்கற பறவைன்னா படுத்துக்கோங்க. பின்னணி தூரமா இருக்கட்டும், அலகுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விடுங்க. முடிஞ்சது.

ஹாஸ்கிங் கூட்டுக்குக் கிட்ட போனதுக்கு அன்னிக்கு வேற வழி கம்மி. 600 எம்எம் லென்ஸ் வெச்சிருக்கற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. குஞ்சு வெச்சிருக்கற பறவையை நெருங்கினா அது கூட்டையே விட்டுட்டுப் போயிடலாம். அந்த ஆந்தை செஞ்சதும் தாய்க்காவல்தான். லென்ஸ் கிட்ட போகட்டும், கால் தள்ளியே நிக்கட்டும்.