கட்-ஆஃப்

பிளஸ் டூ முடிவு வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது: "கட்-ஆஃப் எவ்வளவு வரும்?" ஆங்கிலத்தில் இச்சொல் வெட்டி நிறுத்தும் எல்லையைக் குறிக்கும், அதாவது, ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண். தமிழ்நாட்டிலோ மாணவரின் சொந்த மதிப்பெண்ணுக்கே அது பெயராகிவிட்டது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50, ஆக 200. நுழைவுத் தேர்வு இருந்தபோது அதன் 100-ம் சேர்ந்து 300. 2007-இல் அந்தத் தேர்வு போயிற்று, சொல் போகவில்லை. மூலப் பொருளும் கூடவே வாழ்கிறது. "அந்தக் காலேஜ் கட்-ஆஃப் 190, என் கட்-ஆஃப் 187" என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அகராதிக்காரர்தான் திணறுவார், கேட்பவருக்குக் குழப்பமே இல்லை.