வட சென்னையும் விரைவு வைரசுச் சோதனையும்

ஒளியியல் உயிரி உணரி என்பது, வைரசின் புரதம் போன்ற ஒரு பொருள் அதன் பரப்பில் ஒட்டும்போது ஒளியிலோ நிறத்திலோ ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அப்பொருளைக் கண்டறியும் கருவி. 1983-இல் சுவீடனின் லிங்கோப்பிங் ஆய்வாளர்கள், மெல்லிய உலோகப் படலத்தில் ஒளியைச் செலுத்தி எதிர்ப்பொருள் பிணைவதை அளந்து காட்டினர். அவ்வழியில் வந்தவை பெரும்பாலும் ஆய்வகக் கருவிகள். கையடக்கமாகப் பரவியது வேறு வகை: கண்ணால் பார்க்கும் நிறக்கோடே விடையாகும் சோதனைப் பட்டை. கர்ப்பச் சோதனைப் பட்டை 1980-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது.

2020 கொரோனாப் பரவலில் இத்தகைய பட்டையின் தேவை வட சென்னையில் வெளிப்படையாகத் தெரிந்தது. மே மாத இறுதியில் சென்னை மாநகராட்சி மண்டலங்களுள் ராயபுரத்தில்தான் தொற்று மிகுதி. அருகிலுள்ள காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ விடியற்கால ஏலத்தில் படகுத் தொழிலாளரும் ஏலக்காரரும் மீன் விற்கும் பெண்களும் நெருங்கி நிற்பது வழக்கம். ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு மாதிரி ஆய்வகம் செல்ல வேண்டும். முடிவு வருவதற்குள் தொற்றுள்ளவர் பலரைச் சந்தித்துவிடக்கூடும்.

அவ்வாண்டு ஏப்ரலில் சீனாவிலிருந்து விரைவுப் பட்டைகள் வந்தன. அவை தேடியது வைரசை அன்று. அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது இரத்தத்தில் தென்படப் பல நாட்களாகும். ஆகவே, நோயைப் பரப்பும் தொடக்க நாட்களிலேயே ஒருவருக்கு 'தொற்று இல்லை' என்று முடிவு வரக்கூடும். முடிவுகள் பெரிதும் மாறுபட்டதால், ஏப்ரல் 21 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவற்றின் பயன்பாட்டை நிறுத்திவைக்கச் சொன்னது. 27 அன்று இரு சீன நிறுவனங்களின் பட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது. வைரசுப் புரதத்தையே தேடும் ஆன்டிஜென் பட்டைக்கு ஜூன் 14 அன்று அனுமதி கிடைத்தது. ஆயினும் தமிழ்நாடு அரசு ஆர்டி-பிசிஆர் சோதனையையே முதன்மையாகத் தொடர்ந்தது.

அதே ஆண்டில் சென்னை ஐஐடியின் வி. வி. ஆர். சாய், வேலூர் விஐடியின் ஜிதேந்திர சதிஜா உள்ளிட்டோர் 'பி-ஃபேப்' என்னும் ஒளியிழை உணரியைக் கொரோனாவுக்கு முன்மொழிந்தனர். இதில் ஒளியிழை 'யு' வடிவில் வளைக்கப்பட்டிருக்கும்; வளைவில் ஒளி இழையின் பரப்பைத் தொட்டுச் செல்லும். வைரசுப் புரதம் இருந்தால், அது இழையின் பரப்புக்கும் தங்க நுண்துகளுக்கும் இடையே பிணைந்துகொள்ளும். துகள் ஒளியை உறிஞ்ச, மறுமுனையில் ஒளி குறையும். ஓர் எல்இடி விளக்கும் ஒளி உணர் கருவியும் இருந்தால் இதை அளக்கலாம். கோட்டின் மங்கல் நிறத்தைக் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை.

2020-இன் அனுபவப்படி, விரைவுச் சோதனையின் மதிப்பு நிமிடக்கணக்கில் மட்டும் இல்லை. அது எதைத் தேடுகிறது, நோயின் எந்த நாளில் எடுக்கப்படுகிறது என்பவையே அதன் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன.