நெருப்புக்கு ஒரு பாத்திரம்

அடுப்பின்மேல் பானையை ஏற்றுவது எல்லோருக்கும் தெரிந்த காரியம். ஆனால் அடுப்பையே ஒரு பானைக்குள் வைக்க வேண்டும், பானையின் பக்கத்தைத் தொட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? விஞ்ஞானிகள் எழுபது வருஷங்களுக்கு மேலாக இந்த விடுகதையோடுதான் மல்லாடுகிறார்கள்.

சூரியனில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைவதால் வெப்பம் பிறக்கிறது. அதைப் பூமியில் செய்து பார்க்கப் பல கோடி டிகிரி உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணத்தில் வாயு, மின்னூட்டம் பெற்ற துகள்களின் கூட்டமாகிவிடுகிறது. அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னூட்டம் பெற்றதைக் காந்தத்தால் வளைக்கலாம் அல்லவா? ஆகவே வளையம் போன்ற குழாய்க்குள், சுவரில் படாமல், காந்த விசையால் அதை அந்தரத்தில் நிறுத்தப் பார்த்தார்கள்.

கேட்பதற்குச் சுலபம். ஈரச் சோப்பை இறுகப் பிடித்தவர்களுக்குத் தெரியும் கஷ்டம். பிளாஸ்மாவில் பாயும் மின்சாரமே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி அதை நெருக்குகிறது. எங்காவது இம்மியளவு வளைந்தால், வளைவின் உட்புறத்தில் காந்தக் கோடுகள் நெருங்கி, இன்னும் வெளியே தள்ளுகின்றன. கோணல் கோணலை வளர்க்க, கண் இமைப்பதற்குள் பிளாஸ்மா சுவரில் மோதிவிடும். மோதாமல் நின்றாலும் வெப்பம் எப்படியோ கசிந்துவிடும்.

1955-ல் ஜெனீவாவில் அணுசக்தியின் ஆக்க வேலைகளைப் பற்றி ஒரு சர்வதேச மகாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் நம் ஹோமி பாபா. இன்னும் இருபது வருஷங்களில் இந்தச் சக்தியைக் கட்டுப்படுத்த வழி பிறக்கும் என்று அவர் சொன்னார். உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற இடத்தில் 1957-ல் ஜீட்டா என்ற யந்திரம் ஓடத் தொடங்கிற்று. அதிலிருந்து நியூட்ரான்கள் வந்தன. கருக்கள் இணைந்தால் வர வேண்டியவை அவைதாம். 1958 ஜனவரியில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி விஷயத்தை வெளியிட்டார்கள். உஷ்ணம் ஐம்பது லட்சம் டிகிரி என்றார்கள். நோபல் பரிசு பெற்ற ஸர் ஜான் காக்கிராப்ட், இது மெய்யான அணுக்கரு இணைப்பு என்பது தொண்ணூறு சதவிகிதம் நிச்சயம் என்றார். பத்திரிகைகளுக்கு மிச்சப் பத்து சதவிகிதம் காதில் விழவில்லை.

அந்தப் பத்தில்தான் உண்மை ஒளிந்திருந்தது. பேஸில் ரோஸ் என்ற விஞ்ஞானி அதே ஹார்வெலில் நியூட்ரான்களின் வேகத்தை அளந்தார். வெப்பத்தினால் பிறந்தவையானால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இவையோ மின்சாரம் போகும் திசையை ஒட்டி மாறின. பிளாஸ்மா நிலைகுலைந்து துள்ளியபோது சில துகள்கள் வேகமாக உந்தப்பட்டன. அவை மோதியதால் வந்த நியூட்ரான்கள் அவை. கூட்டம் சூடேறவில்லை, சில பேர் மட்டும் ஓடியிருக்கிறார்கள். மே மாதம் காக்கிராப்ட் தம் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஜீட்டாவை அவர்கள் உடைத்துப் போடவில்லை. ஏமாந்தவன் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்வதுபோல, உஷ்ணத்தைப் பிழையின்றி அளக்கும் வித்தையை அதிலே பழகினார்கள். லேசர் ஒளியைப் பிளாஸ்மாவில் பாய்ச்ச வேண்டும். எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ, அதிலிருந்து அவற்றின் வேகமும் உஷ்ணமும் தெரியும்.

1968 ஆகஸ்டில், நோவோசிபிர்ஸ்க் மகாநாட்டில், ரஷ்யர்களின் முறை வந்தது. மாஸ்கோவில் ஆர்ட்ஸிமோவிச்சின் குழுவினர் டோக்காமாக் என்ற வளைய யந்திரம் கட்டியிருந்தார்கள். வளையத்தின் நெடுகிலும் பலமான காந்தப் புலத்தை முதுகெலும்புபோல் வைத்து, பிளாஸ்மாவைக் கோணாமல் நிறுத்தியிருந்தார்கள். தங்கள் டி-3-ல் எலெக்ட்ரான்களின் உஷ்ணம் ஒரு கோடி டிகிரி என்றார்கள். மேற்கு நாட்டார் நம்பவில்லை. ஒரு தெருவில் ஒரே ஒரு கோடீசுவரன் இருந்தாலும் சராசரி வருமானம் உயர்ந்துவிடும் அல்லவா? அதுபோல் சில எலெக்ட்ரான்கள் ஓடி ஏமாற்றியிருக்கலாம் என்பது சந்தேகம். சூடுபட்ட பூனையின் சந்தேகம் அது.

ஆர்ட்ஸிமோவிச் கோபித்துக்கொள்ளவில்லை. "வந்து நீங்களே அளந்து பாருங்கள்" என்ற தோரணையில் ஆங்கிலேயர்களை அழைத்தார். அதே ஆகஸ்டில்தான் சோவியத் டாங்கிகள் பிராக் நகரத்தில் புகுந்தன. அப்படியும் 1969-ல் டெரெக் ராபின்ஸனும் தோழர்களும் ஐந்து டன் கருவிகளோடு மாஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். அளந்தார்கள். ரஷ்யர்கள் சொன்னது உண்மை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன்காரர்கள் தங்கள் பெரிய யந்திரத்தையே 1970-ல் டோக்காமாக்காக மாற்றிவிட்டார்கள்.

பாபா சொன்ன இருபது வருஷம் 1975-லேயே கழிந்தது. இங்கிலாந்தின் ஜெட் யந்திரம், 2023-ல் ஓய்வு பெறும் தறுவாயில், ஐந்து வினாடிகளில் 69 மெகாஜூல் வெப்பம் தந்தது. நம் வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய 19 யூனிட். பிளாஸ்மாவைச் சூடாக்கச் செலவிட்டது அதைவிட அதிகம்.

நான் கதை எழுதுகிறவன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகமும் பாதி மறந்துவிட்டது. தவறான முடிவு எழுதிய கதைகள் என்னிடமும் உண்டு; ஊரறிய ஒப்புக்கொண்டதில்லை. காக்கிராப்ட் ஒப்புக்கொண்டார். தோற்ற யந்திரத்தில் பழகிய அளவுகோல், எதிராளியின் வெற்றிக்குச் சாட்சி சொல்லப் போயிற்று. நெருப்புக்குப் பாத்திரம் இன்னும் முழுசாக அமையவில்லை. அமையும் நாளில், அதன் அடியில் இந்த இரண்டு மனிதர்களின் பெயரையும் பொறிக்க வேண்டும்: தவறை ஒப்புக்கொண்டவர் ஒருவர், சந்தேகப்பட்டவனுக்குக் கதவைத் திறந்தவர் மற்றவர்.