சாயவேரும் வேர்க்குத்திகளும்

மயிலிட்டி வரலாறு என்றால் 1990 இடப்பெயர்வும் 2017இல் திரும்பக் கிடைத்த துறைமுகமும்தான் கதையில வரும். நாங்கள் பேச நினைப்பது கரையோர மணலில் வளரும் ஒரு வேரை. இருமலோடு இரத்தம் வந்தால் சித்த வைத்தியத்தில் கொடுக்கிற இம்பூறல்தான், துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேர்.

ஒல்லாந்தர் அதைத் தங்கட தனியுரிமையாக்கினார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வேர் கிண்டுவது சாதி ஊழியம். கிண்டினவர்களுக்குப் பெயரே ‘வேர்க்குத்தி’. இதை வெறும் ஏற்றுமதிப் பொருளாக எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை.

சிவப்புக்குக் காரணம் அலிசரின், கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் அதுதான். சாயப்பட்டறைத் தவிடு தின்ற பன்றிகளின் எலும்பு சிவந்திருந்ததை 1736இல் லண்டனில் ஜோன் பெல்சியர் எழுதினார். ஆய்வுகூடங்களில் எலும்பைக் காட்ட இன்றைக்கும் அலிசரின் சிவப்புத்தான். ஆனால் அது வேரிலிருந்து வருவதில்லை. 1868இலேயே ஜெர்மனியில் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள்.