ஹனுக்கா: எட்டு நாள் எரிந்த விளக்கின் கதை

ஹனுக்காவை 'யூதர்களின் தீபாவளி' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விளக்கு உண்டு, எண்ணெய்ப் பலகாரம் உண்டு, உண்மைதான். ஆனால் இதன் பின்னால் ஒரு கொரில்லாப் போர் இருக்கிறது.

எல்லோரும் சொல்லும் கதை இது. அந்நிய அரசன் ஜெருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். யூதர்கள் போரிட்டு மீட்டார்கள். விளக்கேற்றப் போனால், தூய எண்ணெய் ஒரு நாளுக்கு மட்டுமே இருந்தது. அது எட்டு நாள் எரிந்தது. அதனால் எட்டு நாள் விழா.

அழகான கதை. ஆனால் அந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல்களான மக்கபேயர் முதல் நூலிலும் இரண்டாம் நூலிலும் இந்த எண்ணெய் அதிசயம் இல்லவே இல்லை! (தமிழ்க் கத்தோலிக்க விவிலியத்தில் இரண்டும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.) அப்படியானால் எண்ணெய் எங்கிருந்து வந்தது?

அலெக்சாந்தர் இறந்த பிறகு அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யூதேயா முதலில் எகிப்தின் தாலமிகளிடம் இருந்தது, கி.மு. 200 வாக்கில் சிரியாவின் செலூசிட் அரசுக்குப் போனது. கி.மு. 175-ல் நான்காம் அந்தியோக்கஸ் அரசன் ஆனான். 'எபிபானெஸ்', அதாவது வெளிப்பட்ட கடவுள் என்று பட்டம் வைத்துக்கொண்டான். ஜனங்கள் ஓர் எழுத்தை மாற்றி 'எபிமானெஸ்' என்றார்கள். பைத்தியக்காரன் என்று அர்த்தம் :-)

ஆனால் எல்லாப் பழியையும் அவன் தலையில் போட முடியாது. ஜெருசலேமிலேயே கிரேக்க மோகம் பிடித்த ஒரு கூட்டம் இருந்தது. யாசோன் என்பவர் அரசனுக்குப் பணம் கொடுத்துத் தலைமைக் குரு பதவியை வாங்கி, நகரத்தில் கிரேக்கப் பாணி உடற்பயிற்சிக் கூடம் கட்டினார். பிறகு மெனெலாவுஸ் அதைவிட அதிகம் கொடுத்துப் பதவியைத் தட்டிப் பறித்தார். கோயில் பதவி ஏலத்துக்கு வந்த கதை!

கி.மு. 168-ல் எகிப்தைப் பிடிக்கப் போன அந்தியோக்கஸை ரோமத் தூதர் பொபிலியுஸ் வழிமறித்தார். அவனைச் சுற்றி மணலில் கோலால் ஒரு வட்டம் போட்டு, வெளியே வருவதற்குள் பதில் சொல் என்றார். அவமானத்தோடு திரும்பினான். மறு ஆண்டு, கி.மு. 167-ல், யூத மதத்துக்கே தடை வந்தது. ஓய்வு நாள் அனுசரித்தால் மரணம், விருத்தசேதனம் செய்தால் மரணம். ஆலயப் பலிபீடத்தின் மேல் கிரேக்கத் தெய்வ வழிபாடு.

மோதயீன் என்ற ஊரில் மத்தத்தியா என்ற வயதான குரு பலியிட மறுத்தார். பலியிட முன்வந்த ஒரு யூதரையும் அரசனின் அதிகாரியையும் கொன்றுவிட்டு, ஐந்து மகன்களோடு மலைக்கு ஓடினார். முதலில் விழுந்தது ஒரு யூதன். எனக்கு இது வெறும் அந்நியருக்கு எதிரான போர் என்று தோன்றவில்லை, பாதி உள்நாட்டுப் போர். ஓய்வு நாளில் ஆயுதம் எடுக்கக்கூடாது என்று குகைகளில் சும்மா இருந்த சுமார் 1000 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான், தற்காப்புக்காக ஓய்வு நாளிலும் போரிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

மத்தத்தியாவின் மகன் யூதா மக்கபே கி.மு. 164-ல் ஆலயத்தை மீட்டு, கிஸ்லேவ் மாதம் 25-ம் நாள் புதிய பலிபீடத்தை அர்ப்பணித்தார். 'ஹனுக்கா' என்றால் அர்ப்பணிப்பு. எட்டு நாள் ஏன்? குகைகளில் ஒளிந்திருந்தபோது கொண்டாட முடியாமல் போன கூடாரத் திருவிழாவைப் போலக் கொண்டாடினார்கள் என்கிறது மக்கபேயர் இரண்டாம் நூல். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ஜோசிபஸ் இதை 'ஒளி விழா' என்கிறார், அவரும் எண்ணெயைச் சொல்லவில்லை. நாம் அறிந்த எண்ணெய்க் கதை வருவது, பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தல்மூத்தில்.

இடையில் நடந்ததைப் பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. அந்தக் குடும்பமே அரச வம்சமானது, தலைமைக் குரு பதவியையும் எடுத்துக்கொண்டது. மத்தத்தியாவின் பேரன் ஜான் ஹிர்கானஸ் பக்கத்து இதுமேயரை வென்று, யூத மதத்துக்கு மாறு, இல்லாவிட்டால் நாட்டைவிட்டு ஓடு என்றார். கட்டாய மதமாற்றத்தை எதிர்த்த தாத்தாவின் பேரன்! கடைசியில் வம்சத்துச் சகோதரர்கள் பதவிச் சண்டையில் ரோமரைக் கூப்பிட, கி.மு. 63-ல் பொம்பே உள்ளே வந்தார். கி.பி. 70-ல் ஆலயம் இடிந்தது. 135-ல் முடிந்த இன்னொரு கிளர்ச்சியும் பேரழிவு. இத்தனைக்கும் பிறகு ரபிகளுக்கு வாளைப் பாட மனம் வரவில்லை, விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது பல வரலாற்றாசிரியர்களின் ஊகம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனாலும் ஹனுக்கா நாட்களின் நன்றி மன்றாட்டில் இன்றும் போர் வெற்றிதான் வருகிறது, எண்ணெய் அதிசயம் வருவதில்லை.

விளக்கு ஏற்றும் முறையிலும் ஒரு வாதம் உண்டு. முதல் நாள் எட்டு ஏற்றித் தினம் ஒன்று குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் மரபு. ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும் என்றது ஹில்லேல் மரபு, வென்றது அதுவே. அந்த வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. அதனால் 'ஷமாஷ்' (பணியாள்) என்ற ஒன்பதாவது விளக்கு. ஊர் பார்க்கும்படி வாசலிலோ ஜன்னலிலோ வைக்க வேண்டும், ஆபத்துக் காலத்தில் வீட்டுக்குள் மேசைமேல் வைத்தால் போதும் என்கிறது தல்மூத். எத்தனை தலைமுறை அந்த மேசையைப் பயன்படுத்தியிருக்குமோ...

உருளைக்கிழங்கு அடை (லாட்கே) பிற்கால வரவு. அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு மக்கபேயருக்கு எப்படிக் கிடைக்கும்? பரிசுப் பொருள் பெருகியது அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பக்கத்தில் இருப்பதால்.

நம் நாட்டிலும் ஒரு தொடர்பு உண்டு. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களிடம் பழங்காலத்தில் ஹனுக்கா வழக்கமே இல்லை. மக்கபேயர் காலத்துக்கு முன்பே தங்கள் முன்னோர் கப்பலேறி வந்துவிட்டதுதான் காரணம் என்பது அவர்கள் மரபு. அவர்களுடைய தொழில் செக்காட்டுவது. சனிக்கிழமை செக்கு ஓடாது என்பதால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்.